சிவந்து நின்ற சி டிரைவும் நாலு நாள் வேலையும்

ராத்திரி எட்டே கால் மணி இருக்கும். 16-க்கு 20 இஞ்ச் பிரிண்ட், கறுப்பு பனியன் மேல் ஆறு கலர். ஐந்து கலர் பிரித்து முடித்தாயிற்று. மற்ற கலர்களுக்கெல்லாம் அடியில் போகிற வெள்ளைக்கு, அதைத்தான் அண்டர்பேஸ் என்போம், சேனல் போட்டுக்கொண்டிருந்தேன். சேனல் என்பது ஒரு கலருக்கு மட்டுமான தனிப் படம். ஃபோட்டோஷாப் அப்படியே நின்றுவிட்டது. ஸ்க்ராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டதாக ஒரு பெட்டி வந்தது. ஓகே கொடுத்துவிட்டு சேவ் போட்டேன். மறுபடியும் அதே பெட்டி. எக்ஸ்ப்ளோரரைத் திறந்து பார்த்தால் சி டிரைவின் பட்டை முழுக்கச் சிவப்பு. 238 ஜிபியில் மிச்சம் 1.8 ஜிபி.

கடைசியாக சேவ் செய்தது மத்தியானம் மூன்று மணிக்கு. ஐந்து மணி நேர வேலை திரையில் தெரிகிறது, டிஸ்க்கில் இல்லை.

டி டிரைவில் 600 ஜிபி சும்மா கிடக்கிறதே, அங்கே சேவ் போடலாம் என்று பார்த்தேன். அதற்கும் அதே பெட்டிதான். சேவ் செய்கிற நேரத்திலும் ஃபோட்டோஷாப்புக்குக் கை நீட்டி வேலை செய்ய இடம் வேண்டும், அந்த இடத்தை அது சி-யில்தான் தேடுகிறது. அதைத்தான் ஸ்க்ராட்ச் என்கிறார்கள்.

நான் திருப்பூர் பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு வீட்டிலிருந்தே செபரேஷன் போட்டுக் கொடுக்கிறேன். வீடு பெருமாநல்லூர் ரோட்டில். கம்பெனியிலிருந்து டிசைன் வரும். அதைக் கலர் கலராகப் பிரித்து, கலருக்கு ஒன்றாக பாசிடிவ் ஃபிலிம் எடுத்துக் கொடுப்பேன். அதை வைத்து அவர்கள் ஸ்க்ரீன் எக்ஸ்போஸ் செய்து, அதாவது வலைச் சட்டத்தில் ஒளி காட்டி டிசைனைப் பதித்து, டேபிளில் ஓட்டுவார்கள். இந்த ஃபிலிமை எடுத்துப் போக மறுநாள் காலை ஏழு மணிக்கு அனுப்பர்பாளையத்திலிருந்து ஆள் வர வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து யூனிட்காரர் போன் செய்தார்.

“அம்மணி, காலைல பாசிடிவ் ரெடிங்களா?”

“ரெடி ஆயிருங்ணா.”

எப்படி ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: ஃபோட்டோஷாப்பை மூடக் கூடாது. மூடினால் இடம் கிடைக்கும், வேலை போய்விடும். திறந்தது திறந்தபடி இருக்க, பக்கத்தில் இடம் பண்ண வேண்டும்.

இப்படி ஒரு நேரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கத்தான் கை பரபரக்கும். நான் ஒரு தடவை அப்படிச் செய்து பட்டிருக்கிறேன். அப்போது ஒரு யூனிட்டில் டிசைன் ரூமில் வேலை. சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று டிஸ்க் கிளீனப்பைத் திறந்து, பட்டியலில் இருந்த எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டு ஓகே கொடுத்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸ் பதிப்பில் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் ஒரு வரியாக இருந்தது. நான் அந்த வரியைப் படிக்கவில்லை. ஆர்டர் கொடுக்கிற பையர்கள் மெயிலில் அனுப்பி, நாங்கள் இறக்கி வைத்த ஆர்ட்வொர்க் முழுக்க அதில்தான் இருந்தது. டிஸ்க் கிளீனப் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரே போய்விடும். மீட்பு சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தோம். ஃபைல் பெயர்கள் வரிசையாக வந்தன, திறந்தால் உள்ளே வெறும் பூஜ்ஜியம். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் அழித்த பிறகும் தரவு அங்கேயே கிடக்கும், மேலே வேறு எதையும் எழுதாதவரை மீட்கலாம். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதுகிற டிஸ்க். எஸ்எஸ்டியில் அழித்த இடம் எதுவென்று டிரிம் என்ற கட்டளை உடனே டிஸ்க்குக்குச் சொல்லிவிடும், டிஸ்க் அதைத் துடைத்து வைத்துவிடும். அன்றைக்கு பையருக்கும் யூனிட்டுக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர்கள் ஒவ்வொருவருக்காக போன் போட்டு ஆர்ட்வொர்க்கைத் திரும்ப வாங்கியதில் ரெண்டு நாள் போயிற்று.

அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. டிஸ்க்கில் இருப்பதை ரெண்டாகப் பிரிப்பேன். மெஷின் தனக்காகப் போட்டுக்கொண்டது ஒன்று, நான் செய்தது அல்லது எனக்கு ஒருவர் கொடுத்தது இன்னொன்று. அவசரத்தில் முதல் வகையில் மட்டும்தான் கை வைப்பேன். ரெண்டாவதை நிதானமாக, பகலில், தூங்கி எழுந்த பிறகு பார்ப்பேன்.

அந்த ராத்திரி அதனால்தான் நேரே டெம்ப் ஃபோல்டருக்குப் போனேன். விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, சதவீதக் குறி, டெம்ப், மறுபடி சதவீதக் குறி என்று அடித்தால் அது திறக்கும். சைஸ்படி அடுக்கினேன். மேலே மூன்று ஃபைல், மூன்றும் ஃபோட்டோஷாப் டெம்ப் என்று தொடங்கி வால் போல ஒரு நீள எண். ஒன்று 17.2 ஜிபி, ஒன்று 14.4, ஒன்று 12.

தேதியைப் பார்த்ததும் புரிந்தது. 12 ஜிபி ஃபைல் இன்றைக்கு, இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருப்பது. மற்ற ரெண்டும் பழசு. அந்த ரெண்டு தேதியையும் மறக்க முடியாது. ரெண்டு நாளும் வேலை நடுவில் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தாங்காமல் கம்ப்யூட்டர் அணைந்த நாள். ஃபோட்டோஷாப்பை முறையாக மூடினால் தன் ஸ்க்ராட்ச் ஃபைலைத் தானே அழித்துவிட்டுப் போகும். கரண்ட் போய் அணைந்தால் அழிக்க ஆள் இல்லை, ஃபைல் அனாதையாகக் கிடக்கும். மறுநாள் வேலைக்குப் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளும், பழையதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பழைய ரெண்டையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டோடு டெலீட் கொடுத்தேன். ஷிஃப்ட் இல்லாமல் அழித்தால் ரீசைக்கிள் பின்னில் போய் உட்காரும், இடம் ஒரு எம்பி கூடக் கிடைக்காது. சோதித்துப் பார்க்க மூன்றாவதையும் அழிக்கச் சொன்னேன், வேறு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கிறது என்று மறுத்துவிட்டது. அது நல்ல காவல். ஓடுகிற ஃபைலைத் தவறுதலாக அழித்துவிட முடியாது.

31.6 ஜிபி திரும்பி வந்தது. சேவ் போட்டேன். நீலக் கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. டி டிரைவிலும் ஒரு காப்பி போட்டேன். அத்தை எட்டிப் பார்த்து, “சித்தெ சாப்பிட்டுட்டு வந்து பாரு கண்ணு, அது எங்கயும் ஓடிப் போகாது” என்றார். உண்மையில் அதற்கப்புறம்தான் எனக்குப் பசித்தது. பதினொன்றரை மணிக்கு ஆறு ஃபிலிமும் எடுத்து முடித்தேன்.

படுக்கும் முன் எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ் போய் ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ் பக்கத்தைப் பார்த்தேன். சி-யில் மட்டும் டிக் இருந்தது. டி-யிலும் ஒரு டிக் போட்டு ரெண்டாவதாக வைத்தேன். இனி சி நிறைந்தால் மிச்சம் டி-க்கு வழியும். டி பழைய ஹார்ட் டிஸ்க், மெதுவாகத்தான் நகரும், ஆனால் நடுவில் நிற்காது. இந்த ஒரு டிக் முன்னமே இருந்திருந்தால் அன்றைக்கு எனக்கு அந்த வயிற்றுக் கலக்கம் வந்திருக்காது. ஃபோட்டோஷாப்பில் பெரிய ஃபைல் வைத்து வேலை செய்கிற யாராக இருந்தாலும் இதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

ஒரு பிரிண்டுக்கு 12 ஜிபி எதற்கு என்று யூனிட்காரர் ஒரு தடவை கேட்டார். கணக்கு இதுதான். இஞ்சுக்கு 300 புள்ளி. 16 இஞ்சை 300-ஆல் பெருக்கினால் 4,800. 20 இஞ்சுக்கு 6,000. ரெண்டையும் பெருக்கினால் 2 கோடியே 88 லட்சம் புள்ளி. ஒரு சேனலுக்குப் புள்ளிக்கு ஒரு பைட், ஆக ஒரு கலர் சேனல் 28.8 எம்பி. ஆர்ஜிபி லேயர் ஒன்று என்றால் மூன்று சேனல், 86.4 எம்பி. பத்துப் பன்னிரண்டு லேயர், அதோடு தனி மையாக அச்சாகிற ஆறு ஸ்பாட் கலர் என்று போனால் திறந்த நிலையிலேயே ஒரு ஜிபி தாண்டிவிடும். அதற்கு மேல் ஹிஸ்டரி. பின்னால் போய்வர ஒவ்வொரு படியையும் அது வைத்துக்கொள்ள வேண்டும், அமைப்பில் 50 படி என்று இருக்கும். மூலையில் ஒரு புள்ளியைத் துடைத்தால் அந்தத் துண்டை மட்டும் வைத்துக்கொள்ளும். படம் முழுக்க லெவல்ஸ் மாற்றினால் முழுப் படத்தையும் வைத்துக்கொள்ளும். செபரேஷன் வேலையில் முக்கால்வாசி முழுப் படத்துக்கும் செய்கிற வேலைதான். ஹிஸ்டரியை 20-க்குக் குறைத்துவிட்டேன். 16 பிட்டில் வேலை செய்கிறவர்கள் இந்த எண்களையெல்லாம் இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். ஸ்பாட் கலர் ஃபிலிமுக்கு 8 பிட்டே போதும் என்பது என் அனுபவம்.

மறுநாள் காலை ஆள் வந்து ஃபிலிமை வாங்கிப் போன பிறகு, டிஸ்க்கை முழுசாகப் பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு பழைய சந்தேகம். வாங்கும்போது 256 ஜிபி என்று சொன்ன எஸ்எஸ்டி ஏன் 238 என்று காட்டுகிறது? யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024-ஐ மூன்று தடவை பெருக்கி வருவதை ஒரு ஜிபி என்று எண்ணுகிறது. அதே துணியை ஒருவர் மீட்டரிலும் ஒருவர் கஜத்திலும் அளந்த மாதிரி. துணி குறையவில்லை.

எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்க விஸ்ட்ரீ போட்டேன். இதே வேலைக்கு வின்டிர்ஸ்டாட் என்றும் ஒன்று உண்டு, பல வருடமாக நான் வைத்திருந்தது அதுதான். நான் வைத்திருந்த பதிப்பு ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து எண்ணிக்கொண்டு வரும், டீ குடித்துவிட்டு வரலாம். விஸ்ட்ரீ அப்படிச் சுற்றுவதில்லை. என்டிஎஃப்எஸ் என்பது விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்குகிற முறை. அப்படி அடுக்கிய டிஸ்க்கில் எல்லா ஃபைலின் பெயரும் அளவும் எழுதிய ஒரு பேரேடு இருக்கிறது. அதை நேரே படித்துவிடும். சில வினாடியில் முடிந்தது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் அந்தப் பேரேட்டைப் படிக்க விடும்.

கீழே கட்டம் கட்டமாக ஒரு படம் வருகிறது. பெரிய ஃபைல் பெரிய கட்டம், சின்னது சின்ன கட்டம், இடைவெளி இல்லாமல் அடைத்திருக்கும். கட்டிங் டேபிளில் மார்க்கர் போட்டதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். முன்பக்கம், முதுகு, கை, கழுத்துப்பட்டி என்று துணி வீணாகாமல் அடுக்கி வரைந்திருப்பார்களே, அதே சாயல். மார்க்கரைப் பார்த்ததும் மாஸ்டர் கண் எங்கே துணி வீணாகிறது என்று போய் நிற்கும். இங்கே என் கண் போய் நின்றது ஒரு பெரிய தொகுதியில்: விண்டோஸ்.ஓல்டு, 24.3 ஜிபி.

அப்போதுதான் ஏன் இந்த வாரம் பார்த்து டிஸ்க் நிறைந்தது என்பது தெளிவானது. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வருகிற பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. தீபாவளி நோம்பிக்குத் திருப்பூரில் கம்பெனிகளெல்லாம் மூடி, வெளியூர் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். எனக்கும் வேலை வராது. அந்த லீவில் விண்டோஸ் 11-க்கு மாற்றியிருந்தேன். அப்படி மாற்றும்போது பழைய விண்டோஸை அப்படியே கட்டி அட்டாளியில் ஏற்றி வைத்த மாதிரி இந்த ஃபோல்டரில் வைத்துவிடுகிறது, பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம் என்று. பத்து நாள் கழித்துத் தானே அழித்துக்கொள்ளும். நான் மாட்டிக்கொண்டது ஏழாம் நாள்.

அதை உடனே அழிக்கவில்லை. ஃபிலிம் எடுக்கிற பிரிண்டர், பேனா டேப்லெட், ஃபிலிமுக்குப் புள்ளி பிரித்துக் கொடுக்கிற ரிப் சாஃப்ட்வேர், மூன்றும் புது விண்டோஸில் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று தெரிய வேண்டும். ஆறு கலர் ஃபிலிமை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கலர்கள் இடம் விலகாமல் இருக்க ஓரத்தில் போடுகிற ரெஜிஸ்டர் மார்க் பொருந்துகிறதா என்று லைட் டேபிளில் பார்த்தேன். பொருந்தியது. யூனிட்டில் ஸ்க்ரீன் போட்டு ஒரு சாம்பிள் ஓட்டி அவர்கள் வாயால் கேட்டுக்கொண்ட பிறகுதான் அழிப்பது என்று தள்ளி வைத்தேன். அது அழிந்தால் விண்டோஸ் 10-க்குத் திரும்புகிற தடமும் அழிந்துவிடும்.

அடுத்த கட்டம் என்னைக் கொஞ்சம் பயமுறுத்தியது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று, 11 ஜிபி. இதைப் பார்த்ததும் அழிக்கப் போகிறவர்கள் உண்டு. கையால் அழிக்கவே கூடாது. விண்டோஸ் தன் உறுப்புகளை அங்கேதான் வைத்திருக்கிறது. அதோடு காட்டுகிற 11 ஜிபி நிஜமான 11 இல்லை. ஒரே ஃபைலுக்கு ரெண்டு மூன்று இடத்தில் பெயர் இருக்கும், டிஸ்க்கில் இருப்பது ஒரே ஃபைல்தான். எங்கள் வீட்டில் என் மகள் ஆத்தா என்று கூப்பிடுவதும், என் வீட்டுக்காரர் அம்மா என்பதும், நான் அத்தை என்பதும் ஒரே ஆளைத்தான். பெயரை எண்ணி உலை வைத்தால் மூன்று ஆளுக்குச் சோறு ஆக்க வேண்டியிருக்கும். டிஸ்ம் என்ற விண்டோஸின் சொந்தக் கருவி இதைச் சரியாக எண்ணிச் சொல்லும், தேவையென்றால் பழைய துண்டுகளை அதுவே பாதுகாப்பாக எடுத்துப் போடும். என்னுடையதில் இப்போது தேவையில்லை என்று சொன்னது. விட்டுவிட்டேன்.

ஹைபர்ஃபில் என்ற மறைந்த ஃபைல் 6.4 ஜிபி. கம்ப்யூட்டரை ஹைபர்னேட் செய்தால் ரேமில் இருப்பதை இறக்கி வைக்கிற இடம். ரேமில் நூற்றுக்கு 40 பங்கு அளவு எடுத்துக்கொள்ளும். எனக்கு 16 ஜிபி ரேம், அதனால் 6.4. நான் ஒருநாளும் ஹைபர்னேட் போட்டதில்லை. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஒரே சொல்லாக அடித்து, இடம் விட்டு ஸ்லாஷ் எச், இடம் விட்டு ஆஃப் என்று கொடுத்தேன். ஃபைல் அந்த நொடியே மறைந்தது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் இதோடு போய்விடும். எஸ்எஸ்டியில் காலையில் ஒரு சில வினாடி கூடுதலாகிறது, எனக்கு அது பொருட்டில்லை.

அன்று மத்தியானம் கோபியில் இருக்கிற தங்கச்சி போன் செய்தபோது இதைச் சொன்னேன். “அப்ப நானும் அதைப் போட்டுடட்டுங்களாக்கா?” என்றாள். அவள் லேப்டாப் 128 ஜிபி, எப்போதும் இடம் போதாமல் தவிக்கும். வேண்டாம் என்றேன். லேப்டாப்பில் சார்ஜ் தீரும்போது திறந்திருக்கிற வேலையைக் காப்பாற்றுவது அந்த ஹைபர்னேட்தான். அவளுக்கு 8 ஜிபி ரேம், 3.2 ஜிபிக்காக அதைப் பிடுங்கக் கூடாது.

பேச்சோடு பேச்சாக அவள் செய்து வைத்திருந்த இன்னொன்றும் வெளியே வந்தது. ஃபோட்டோக்கள் எல்லாம் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் ஏறிவிட்டன, இனி லேப்டாப்பில் எதற்கு என்று அந்த ஃபோல்டரிலேயே அழித்திருக்கிறாள். அப்படி அழித்தால் மேலேயும் அழிந்துவிடும். ரெண்டும் ஒரே ஃபோல்டரின் ரெண்டு முகம். லேப்டாப்பில் மட்டும் இடம் வேண்டுமென்றால் ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து, இடத்தை விடுவி என்பதைக் கொடுக்க வேண்டும். பெயரும் மேகக் குறியும் மட்டும் இங்கே நிற்கும், படம் மேலே இருக்கும். நல்லவேளை, அழித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒன்டிரைவின் இணையப் பக்கத்தில் ரீசைக்கிள் பின் இருக்கிறது, சொந்தக் கணக்குக்கு 30 நாள் வைத்திருக்கும். போனிலேயே சொல்லச் சொல்ல எடுத்துவிட்டாள். அவள் கல்யாணத்துக்கு எங்கள் அம்மாவின் அம்மா, அம்முச்சி, சீர்த் தட்டோடு வந்து நின்ற படம் அதில்தான் இருந்தது. அம்முச்சி இப்போது இல்லை. எதை அழிக்கிறோம் என்று பார்த்து அழிக்கச் சொல்லி நான் இவ்வளவு வற்புறுத்துவது இந்த மாதிரிப் படங்களுக்காகத்தான்.

என் ரீசைக்கிள் பின்னில் 14.2 ஜிபி இருந்தது. திறந்து ஒரு தடவை கண்ணோட்டிவிட்டுக் காலி செய்தேன். விண்டோஸ் அப்டேட் மிச்சம் 3.1 ஜிபி, அதற்கு செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கமே போதும். டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் டவுன்லோட்ஸும் ஒரு வரியாக இருக்கும், டிக் இல்லாமல்தான் இருக்கும், இருந்தாலும் நான் ஒவ்வொரு தடவையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவேன். கம்ப்யூட்டரை வேகமாக்குகிறோம், ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறோம் என்று விளம்பரம் வருகிற சாஃப்ட்வேர்கள் பக்கம் போகவில்லை. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கிற இடம். அதைத் துடைத்து ஒரு ஜிபி கூடக் கிடைக்காது, உடைந்தால் முழு விண்டோஸும் போகும்.

இதுவரை பார்த்தது மெஷினுடையது. வெள்ளி, சனி ரெண்டு நாளும் என்னுடையதைப் பார்த்தேன். நேரம் தின்றது இதுதான்.

வாட்ஸப் 11 ஜிபி. டெஸ்க்டாப் வாட்ஸப் வருகிற படம், வீடியோ எல்லாவற்றையும் ஆப்டேட்டாவுக்குள் தன் ஃபோல்டரில் இறக்கி வைக்கிறது. ஒரு துணித்துண்டின் படத்தை மெர்ச்சண்டைசர் அனுப்புவார், அதையே ஓனர் அனுப்புவார், அதையே பிரிண்டிங் மாஸ்டர் ‘இந்த ஷேடுதான்’ என்று மறுபடி அனுப்புவார். ஒரே படம் நாலு இடத்தில். நான் பார்த்தது ஒன்றை மட்டும்: டாக்குமென்ட்டாக வந்ததா, ஃபோட்டோவாக வந்ததா. ஃபோட்டோவாக அனுப்பியதை வாட்ஸப் சுருக்கிவிடும், அதை வைத்து ஃபிலிம் எடுக்க முடியாது. டாக்குமென்ட்டாக வந்த ஆர்ட்வொர்க்கை ஆர்டர் ஃபோல்டருக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் 9 ஜிபியை அழித்தேன்.

டவுன்லோட்ஸ் 22 ஜிபி. அதில் 13 ஜிபி ஜிப் ஃபைல். பக்கத்திலேயே பிரித்த ஃபோல்டரும் இருக்கிறது. எது இரட்டை என்று பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஓகே’, ‘பையர் ஓகே’ என்று மூன்று இருக்கும், மூன்றும் வேறாக இருக்கும். ‘ஃபைனல்’ என்று ரெண்டு ஃபோல்டரில் இருப்பது ஒன்றாகவே இருக்கும். டூப்குரு என்ற இலவச சாஃப்ட்வேர் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தை ஒப்பிட்டுச் சொல்லும். ஜிப்பை மட்டும் நானே ஒவ்வொன்றாகத் திறந்து, பிரித்த ஃபோல்டரில் அத்தனை ஃபைலும் இருக்கிறதா என்று எண்ணிய பிறகு அழித்தேன்.

ஆர்டர் ஃபோல்டர்களில் டிசைன் வரைகிற சாஃப்ட்வேரான கோரல் டிரா போட்ட பேக்கப்புகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. ஒவ்வொரு ஃபைலுக்குப் பக்கத்திலும் ‘பேக்கப் ஆஃப்’ என்று முன்னால் பெயர் போட்டு முந்தின நிலையை அது வைத்துக்கொள்ளும். மொத்தமாகத் தேடி ஒரே அடியாக அழிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். எதற்கும் பத்து அசல் ஃபைலைத் திறந்து பார்க்கலாம் என்று திறந்தேன். ஏழாவது திறக்கவில்லை, ஃபைல் கெட்டுப் போயிருந்தது. அதன் பேக்கப் திறந்தது. போன வருடத்து ஆர்டர், ரிப்பீட் வர வாய்ப்புள்ளது. அதற்கப்புறம் ஆர்டர் ஆர்டராக அசலைத் திறந்து பார்த்து, முடிந்துபோன ஆர்டருடையதை மட்டும் அழித்தேன். ஓடுகிற ஆர்டரில் ஒன்றையும் தொடவில்லை.

பழைய ஆர்டர்களை அழிக்க முடியாது. ரெண்டு வருடம் கழித்து அதே பிரிண்ட் வேண்டுமென்று ரிப்பீட் வரும், அப்போது கலர் பிரித்த ஃபைல் இருந்தால் அரை மணி நேர வேலை, இல்லாவிட்டால் ஒரு நாள். 35 ஜிபியை டி-க்கு மாற்றினேன். கட் செய்து பேஸ்ட் செய்யவில்லை. காப்பி செய்து, ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒன்றா என்று பார்த்து, அங்கங்கே நாலைந்தைத் திறந்து பார்த்து, எக்ஸ்டர்னல் டிரைவில் இன்னொரு காப்பி போட்டு, அந்த டிரைவைக் கழற்றி பீரோவில் வைத்த பிறகுதான் சி-யில் இருந்ததை அழித்தேன். அதே மேஜையில் அதே பிளக்கில் மாட்டியிருக்கிற ரெண்டு டிஸ்க்கை ரெண்டு காப்பி என்று நான் எண்ணுவதில்லை. ஒரு மின்னல் போதும்.

சனிக்கிழமை சாயங்காலம் யூனிட்காரர் போன் செய்தார்.

“சாம்பிள் நல்லா உட்காந்திருக்குதுங்க அம்மணி. வெள்ளை எங்கயும் எட்டிப் பாக்கல.”

“சரிங்ணா, சந்தோசம்.”

போனை வைத்ததும் செட்டிங்ஸில் போய் முந்தின விண்டோஸ் என்ற வரியில் டிக் போட்டேன். 24.3 ஜிபி போக அஞ்சு நிமிடம் ஆயிற்று. ஃபோட்டோஷாப்பை மூடிய நிலையில் சி டிரைவில் 148 ஜிபி காலி, பட்டை நீலமாகிவிட்டது. இதில் ஐம்பதை எப்போதும் தொடாமல் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஸ்க்ராட்ச்சுக்கும் அது வேண்டும், எஸ்எஸ்டிக்கும் தரவை இடம் மாற்றி அடுக்கிக்கொள்ளக் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும், கழுத்து வரை நிறைத்தால் எழுதுகிற வேகம் குறைந்துவிடும்.

நேற்று மத்தியானம் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்ததும் ஃபோட்டோஷாப்பைத் திறக்கும் முன்னால் டெம்ப் ஃபோல்டரைத் திறந்தேன். 9 ஜிபியில் ஒன்று கிடந்தது. அழித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.